கங்காணி கதவாக நின்ற கதை

என் ராசாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு நேரம் பேசியும் நான் "உம்" கொட்டிக்கொண்டே இருந்தேனே தவிர ஒரு பதிலும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கோபமாக்கும் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. எனக்கு வாய் நீளம் என்று இந்தத் தோட்டமே சொல்லும். அப்படிப்பட்டவளுக்கே அன்றைக்குப் பேச்சு எழும்பவில்லை என்றால் அதற்குக் காரணம் இல்லாமலா இருக்கும்? போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம், "இவன் இப்பவும் அதே ஆட்டத்தத்தான் ஆடிக்கிட்டு இருக்கான், தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே, "எந்த ஆட்டம்?" என்றார். "நீங்க கதவா நின்னீங்களே, அந்த ஆட்டம்" என்றேன். ரேடியோவை அணைத்துவிட்டார். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்த எழுத்து இன்னும் கையில் இருக்கிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னது எனக்கு எந்த அளவுக்கு விளங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் விளையாடும் ஆட்டங்களை உங்கள் கம்பனி செய்கிறது. விளையாட வருகிறவர்களுக்கு ஒவ்வொரு வேலையாகக் கொடுத்து, ஒன்றை முடித்தால் அடுத்ததற்கு வழி திறக்கிற மாதிரி கட்டுவது உன் பொறுப்பு. அதற்கு நீ ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாய், அது என் வாயில் நுழையவில்லை. நான் தூது என்றே எழுதுகிறேன், ஏன் என்று உனக்குத் தெரியும். வருகிறவர்கள் கொஞ்ச நாள் விளையாடிவிட்டுப் போய்விடுகிறார்களாம். அதனால் ஒரு நாள் வராவிட்டால் அதுவரை சேர்த்ததில் பாதியை வெட்டிவிடலாம், பயந்தாவது தினமும் வருவார்கள் என்று உன் மேலதிகாரி சொல்கிறாராம். உனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒங்களுக்கு இது எங்கம்மா புரியப் போகுது" என்று சிரித்தாயே, அடேய், எனக்கா புரியாது? அந்த ஆட்டத்தை நீ முதன்முதலில் கட்டியது நம் லயத்து வாசலில். உள்ளே இருந்து நீ பார்த்தாய். வெளியே இருந்து பார்த்தவள் நான். இத்தனை வருசமாக அதை நினைத்து நினைத்து அதிசயப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நாம் அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசனில் இருந்தோம். லயம் என்றால் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள்தானே, இந்தக் கோடியில் நம்முடையது, அந்தக் கோடியில் மாணிக்கம் மாமாவுடையது. உனக்குப் பதினோரு வயது, உன் தங்கச்சி ரீட்டாவுக்கு ஏழு. மழைக் காலத்தில் ஒரு நாள் விறகு பொறுக்கப் போன பிள்ளை, மலைச்சரிவில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் சறுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வெகுநாள் கிடந்தாள். கட்டைப் பிரித்தபோது கால் விறகுக் குச்சி மாதிரி மெலிந்திருந்தது. டாக்டர் ஐயா சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். "எலும்பு கூடிருச்சி. இனி நடக்கணும். தினமும் நடந்தா சரி. நடக்கலன்னா முட்டி இறுகிப் போகும், அப்புறம் நானும் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார். மறுபடி கூட்டி வரச் சொல்லி ஒரு தேதியும் கொடுத்தார். கேட்க லேசாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அவளுக்கு வலி அல்ல, பயம். "ஊண்டுனா மறுபடி ஒடஞ்சிரும்மா" என்பாள். கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தேன். தலவாக்கலைக்குப் போய் வந்த உன் அப்பா சீனி பன் வாங்கிவந்து சுவரோரம் வைத்து, "நடந்து வந்து எடுத்துக்க தங்கம்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள், பன்னைத் தின்றாள், அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள், "பன்ன இங்கயே குடுங்க, இல்லன்னா எனக்கு வேணாம்" என்றாள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நீ பள்ளிக்கூடம், நாங்கள் மலை; பகல் முழுவதும் அவள் பாயில். கொழுந்து எடுக்கும்போது என் கை வேலை செய்யும், கண்ணில் அந்தக் கால்தான் நிற்கும். சரிவும் படியுமாக இருக்கிற ஊரில் கால் விளங்காத பெண்பிள்ளை என்ன ஆவாள்? இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டே எத்தனை காலம்? உன் அப்பாவிடம் இதைச் சொல்லக்கூடப் பயமாக இருந்தது, சொன்னால் நடந்துவிடுமோ என்று.

பிறகு ஒரு சாயங்காலம் நான் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வருகிறேன், பாயில் பிள்ளையைக் காணோம். என் உயிரே போய்விட்டது. வெளியே ஓடிவந்தால், அடுத்த வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். அதுவும் யார் வீடு? ராக்காயி வீடு! லயத்துக்கே பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் எனக்கும் அவளுக்கும் ஒரு வருசமாக முகம் பார்த்துப் பேச்சில்லை. "அடியே, இங்க என்னடி செய்ற?" என்று நான் கத்த, ரீட்டா உதட்டில் விரலை வைத்து, "சும்மா இருங்கம்மா. நான் தூதுக்காரி. வேல முடியிற வரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாது" என்றாள். அவள் கையில் ஊசியும் நூலும் இருந்தன. ராக்காயிக்குக் கண் மங்கல். பிள்ளை நின்றபடியே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள், ராக்காயி குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள், ரீட்டாவின் கண் இரண்டும் விரிந்தன. அதற்குப் பிறகு சுவரைத் தடவித் தடவி, தானாகவே, என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். ராக்காயி என்னைப் பார்த்து, "ஒன்னோட எனக்குப் பேச்சு இல்ல. நான் புள்ளையோடதான் பேசுனேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நீ வாசல்படியில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

உன்னைக் கேட்டால் நீ ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். கடைக்கோடியில் மாணிக்கம் மாமாவிடம் சிவப்புக் கொண்டை வைத்த சேவல் ஒன்று இருந்தது அல்லவா? அது சேவல் இல்லை, கிரீடத்தைப் பறிகொடுத்த ராசா என்று ரீட்டாவிடம் சொல்லியிருக்கிறாய். ராசா எப்படிக் கிரீடத்தை இழந்தார், அது எங்கே கிடக்கிறது என்ற கதை துண்டு துண்டாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு என்ன உதவி வேண்டுமோ அதைச் செய்தால் அவர்கள் தங்களிடம் உள்ள துண்டைச் சொல்வார்கள். இதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று யாராவது கேட்கலாம். நான் சொல்கிறேன் கேள். ஊசி கோப்பது அவளால் முடியும், ராக்காயியால் முடியாது. அதனால் அது பொய் வேலை இல்லை. அதை உட்கார்ந்து செய்ய முடியாது, வாசல் வெளிச்சத்தில் நின்றுதான் செய்ய வேண்டும். மூன்றாம் வீட்டில் சின்னப்பொண்ணு அக்காவின் கைப்பிள்ளைக்குத் தூளி ஆட்ட வேண்டும், கயிற்றை இழுக்க ஒரு கால் முன்னே போகும், மறுபடி பின்னே வரும், டாக்டர் சொன்ன பயிற்சியே அதுதான்! அந்த ஆட்டத்தில் "நட" என்ற சொல்லை நீ ஒரு தடவையாவது சொல்லி நான் கேட்டதில்லை. "கால்" என்றும் சொன்னதில்லை. அவள் களைத்தால், "தூதுக்காரி எப்ப வேணும்னாலும் திரும்பலாம்" என்பாய். ஆனால் கதை மட்டும் தினமும் ஒரு இடத்தில் நிற்கும் பார், "ராசா திரும்பிப் பாத்தாரு, பின்னால நிக்கிறது யாருன்னா..." என்று சின்னப்பொண்ணு நிறுத்திவிட்டு உலைக்கு அரிசி களையப் போய்விடுவாள். அடுத்ததை நாலாம் வீட்டில்தான் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு விடிகிற வரைக்கும் இருப்புக்கொள்ளாது.

அவளுக்கு மட்டுமா? லயமே பிடித்துக்கொண்டது. மலையில் கொழுந்து எடுக்கும்போது அந்த நிரையிலிருந்து இந்த நிரைக்கு, "ஏ புள்ள, நேத்து நீ எதுல நிறுத்துன? நான் இன்னைக்கு அவளுக்கு என்னத்தச் சொல்ல?" என்று சத்தம் போட்டுக் கேட்பார்கள். ராக்காயி ராசாவுக்கு ஒரு பொல்லாத மாமியாரை வைத்துவிட்டாள். அந்த மாமியார் பேசுவது அப்படியே நான் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். என்னிடம் பேச்சே இல்லாதவளிடம் போய், "அத்த, நீங்க இல்லாம இது நடக்காது" என்று நீ கேட்டாயாம். பதினோரு வயதில் அது எப்படியடா தோன்றியது உனக்கு? வீட்டில் இரண்டு பெரியவர்கள் அழுதுகொண்டும் நேர்ந்துகொண்டும் இருக்க, நீ ஒருத்தன் மூலையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் பயத்தை இப்படிக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு வாசலில் ஒவ்வொரு துண்டாக வைத்திருக்கிறாய். நான் பெற்ற பிள்ளைதானா இது என்று உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். உன்னைத் தொடக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, சாமி வந்தவரைத் தொடக் கூசுவது மாதிரி.

இப்போது உன் அப்பா கதை. நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "அத எழுதாத" என்கிறார். எழுதத்தான் போகிறேன். அவரும் அசந்துபோனார், மகன் கட்டிய ஆட்டத்தில் தானும் சேர வேண்டும் என்று துடித்தார். பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை பெரட்டுக்களம்தான், காலையில் ஆட்களைக் கூட்டிவைத்துப் பெயர் வாசிக்கிற இடம். கங்காணி அல்லவா? ஒரு சாயங்காலம் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, பெரட்டுக் குரலில், "ரீட்டா! இன்னைக்கு ஒரு பேரு!" என்று கூவினார். முழு நாள் வேலைக்குப் போடுகிற கூலியைத்தான் பேர் என்போம். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோசம் என்கிறாய்! அம்மாவுக்குப் போடுகிற மாதிரி தனக்கும் பேர்! அடுத்த நாள் இன்னும் ஒரு வீடு கூடப் போனாள். அதற்கு அடுத்த நாள் இன்னும் ஒன்று. உன் அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார், பார்த்தாயா என் வேலையை என்று. நானும், சும்மா சொல்லக் கூடாது, இது நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். ராக்காயிதான் முதலில் கண்டுபிடித்தாள். பேச்சில்லாதவள் என் வாசலுக்கே வந்து, "புள்ள இப்ப நிக்கவே மாட்டேங்குது. ஊசியத் தொட்டுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடப் பாக்குது. கதையும் கேக்க மாட்டேங்குது. என்னா செஞ்சீங்க?" என்று கேட்டாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த மழை நாள் வந்தது. குளிரில் காலில் வலி எடுத்து, ரீட்டா இரண்டு வீட்டோடு திரும்பிவிட்டாள். உன் அப்பா ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், விளையாட்டாகத்தான், அதே குரலில் கூவினார்: "ரீட்டா! இன்னைக்கு அரைப் பேரு!" வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரீட்டாவும் சிரித்தாள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அரைப் பேர் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? காலையிலிருந்து மழையில் நின்று, கொழுந்து நிறை குறைந்தால், அன்றைய கூலியில் பாதி இல்லை. அரைப் பேர் விழுந்த நாளில் நான் வீட்டுக்கு எப்படி வருவேன், அடுப்படியில் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று பார்த்து வளர்ந்தவள் அவள். மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நீ போய்க் கூப்பிட்டாய். "இன்னைக்கும் அரைப் பேருதான் விழும். நேத்து வரவே இல்ல, அதுக்கு அரையும் இல்ல. இனிமே எதுக்கு?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாள் போகப் போக அவளுக்குத் திரும்பி வருவது இன்னும் பெரிய மலையாகிக்கொண்டே போனது. டாக்டர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது முட்டி முன்பைவிட இறுகியிருந்தது எனக்குக் கையில் தெரிந்தது.

நீ கத்துவாய், அப்பாவோடு சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தவில்லை. மறுநாள் அப்பா மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது எதிரே போய் நின்று, "அப்பா, நாளையில இருந்து இந்த ஆட்டத்துல நீங்க கங்காணி இல்ல" என்றாய். தோட்டத்தில் ஒரு ஆள் அவரிடம் அப்படிப் பேச முடியாது, பெற்ற பிள்ளை பேசுகிறாய். "அப்ப நான் யாரு?" என்று கேட்டார். "கதவு" என்றாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். அறைதான் விழப்போகிறது என்று நான் ஓடிவந்தேன். அவர், "கதவுன்னா என்னடா செய்யணும்?" என்றார். "மாணிக்கம் மாமா வீட்டு வாசல்ல நிக்கணும். பேசக் கூடாது. கூப்பிடக் கூடாது. அவ வர்ற வரைக்கும் நிக்கணும்." "வரலன்னா?" "வரலன்னாலும் நிக்கணும்ப்பா. கதவு வேற என்னா செய்யும்?"

நின்றார், ராசா. ஊரையே விரட்டி வேலை வாங்குகிற மனுசன், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, மூடுபனியில், அடுத்தவன் வீட்டு வாசலில், வாயைத் திறக்காமல் நின்றார். போகிற வருகிறவர்கள், "என்னாங்க கங்காணி, தொரை ஏதும் தண்டனை குடுத்துட்டாரா?" என்று கேலி செய்தார்கள். கதவு பதில் சொல்லவில்லை. ரீட்டா பாயை நிலைப்படி வரைக்கும் இழுத்துவந்து, படுத்தபடியே தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள். "அப்பா ஏன் அங்க நிக்கிறாரு?" என்று உன்னைக் கேட்டாள். "அது அப்பா இல்ல, கதவு." "யாருக்கு?" "தூதுக்காரிக்கு." "நான்தான் இப்ப வர்றதில்லையே?" "கதவுக்கு அது எப்படித் தெரியும்?" அன்றைக்கு அவள் வரவில்லை. இருட்டினதும் அவர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார். அடுத்த நாளும் நின்றார். அன்றைக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளாகவே உன்னைக் கேட்டாள். நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் இன்னும் காதில் இருக்கிறது. "இத்தன நாளு வராததுக்கு எனக்கு என்னா பேரு போடுவாங்க?" என்றாள். "இந்த ஆட்டத்துல பேரே கிடையாது" என்றாய். "அப்ப வராத நாளெல்லாம்?" நீ சொன்னாய்: "வராத நாளுக்கெல்லாம் சேதி சேந்து கெடக்குது. ஒவ்வொரு வீட்லயும். நீ இல்லாதப்ப ராசா சும்மாவா இருந்தாரு? ராக்காயி அத்தைக்கு மட்டும் மூணு சேதி தெரியும், யார்கிட்டயும் சொல்ல முடியாம வாய் வலிக்குதாம்." அடுப்பில் ரொட்டி தீய்ந்தது, நான் திருப்பவில்லை. அரைப் பேருக்கு மேலே வேறு ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாருமே சொன்னதில்லை. வராத நாள் கடன் என்றுதான் நாங்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து கேட்டது. அதை ஒருத்தன் சேமிப்பாக மாற்றிப் பேசுகிறான், அவன் என் மகன், கால்சட்டையில் பொத்தான் இல்லாமல் கயிறு கட்டிக்கொண்டு திரிகிறவன்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்து வெளியே போனாள். ராக்காயி மூன்று சேதியையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, பிள்ளையை நிற்கவைத்தே சொன்னாள். சின்னப்பொண்ணு வீட்டில் இரண்டு சேதி. நாலாம் வீட்டில் பாட்டே கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அவள் போயிராத வீடுகளிலும் சேதி இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, அவள் திரும்பவே இல்லை. நான் பின்னாலேயே, தெரியாமல், சுவரோரமாகப் போனேன். கடைக்கோடிக்கு வந்து உன் அப்பாவின் முன்னால் நின்றாள். அவர் அசையவில்லை. அவர் வயிற்றில் கையை வைத்து, "தொறங்க" என்று தள்ளினாள். அவர் மெதுவாக, நிஜக் கதவு மாதிரியே, பக்கவாட்டில் திரும்பினார். முகமெல்லாம் தண்ணீர். மழை அப்போது விட்டிருந்தது. இதையும் எழுதாதே என்கிறார், நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா முட்டியை மடக்கிப் பார்த்து, "ஹொந்தாய், ஹொந்தாய்!" என்று சிங்களத்தில் மெச்சிவிட்டு, "யார் பயிற்சி குடுத்தது?" என்று கேட்டார். "எங்க லயம்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

ஆனால் எனக்கு நிஜமாகவே வாயடைத்துப்போனது அன்றைக்கும் இல்லை. அது கடைசி நாளில். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற ஈயத்தாளை எங்கேயோ தேடிப் பிடித்து, ராசாவின் கிரீடத்தை நீ வெட்டி ஒட்டி வைத்திருந்தாய். கதை முடிய வேண்டிய நாள் அது. மாணிக்கம் மாமா வீட்டுக்குள் அதை ஒளித்துவைத்துக்கொண்டு நீ காத்திருந்தாய். ரீட்டா வந்தாள். தட்டுத் தடுமாறி இல்லை, ஓடி வந்தாள். பிள்ளைகள் எல்லாம் கீழே மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய சத்தம் அவளை இழுத்துக்கொண்டு போனது. கடைக்கோடி வீட்டைத் தாண்டி, சேவலைத் தாண்டி, உன்னையும் திரும்பிப் பார்க்காமல், படியில் இறங்கி ஓடியே போனாள். ராசா, கிரீடம், எல்லாம் மறந்தாயிற்று. கையில் கிரீடத்தோடு நீ வாசலுக்கு வந்து நின்றாய். ஐயோ, இவ்வளவு நாள் பாடுபட்ட பிள்ளையின் மனசு என்ன பாடுபடும் என்று நான் பக்கத்தில் வந்து, "கூப்பிடவா?" என்று கேட்டேன். "வேணாம்மா" என்றாய். "கடைசி வரைக்கும் வராமலே ஓடிட்டாளேடா." நீ சிரித்தாய். "அதுக்குத்தானேம்மா" என்றாய். அப்புறம் சேவலைப் பிடித்து அதன் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டு, நீயும் கீழே விளையாட ஓடிவிட்டாய். அது தலையை உதறிக்கொண்டு ஈயத்தாளோடு வாசலில் மிடுக்காக நடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோசமா, பயமா, தெரியவில்லை. இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள நமக்கு என்ன தகுதி என்று இருந்தது.

அதனால், உன் கம்பனிக்கு என்ன சொல்லலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்தக் கணினியும் தெரியாது, அந்த மனுசர்களையும் தெரியாது. உன் சம்பளம், உன் பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் அதில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். உன் மனம் ஏன் ஒப்பவில்லை என்று நீ கேட்டாய், அதற்குத்தான் இவ்வளவும். உன் மேலதிகாரி கேட்பது அரைப் பேர், ராசா. அதை முதலில் போடும்போது எல்லோரும் ஓடத்தான் செய்வார்கள். உன் அப்பாவும் நானும் பார்த்துப் பூரித்தோமே. மழை நாள் வரும்வரைக்கும் அது நல்ல யோசனையாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ இங்கே வந்து எத்தனை வருசம் ஆகிறது என்று நான் எழுதப்போவதில்லை. முதல் இரண்டு வருசம், "அடுத்த கிறிஸ்மஸ்க்கு வர்றேம்மா" என்றாய். அப்புறம் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை, பேச்சோடு பேச்சாக, "இவ்ளோ காலம் வராம இருந்துட்டு இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டும்மா வர்றது" என்றாய் பார், அப்போதுதான் எனக்குப் பேச்சு நின்றுபோனது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ரீட்டா பேசிய அதே பேச்சு அது. உனக்கு யாரடா அரைப் பேர் போட்டது? நாங்கள் போடவில்லை. நீயே உனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவனுக்கு அது மறந்துபோகலாமா? வராத நாளுக்கெல்லாம் இங்கே சேதி சேர்ந்து கிடக்கிறது. ராக்காயி இன்னும் இருக்கிறாள், இப்போது கண் சுத்தமாகத் தெரியாது, வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. அவளிடம் மட்டும் ஒரு கூடை இருக்கும். சின்னப்பொண்ணுவின் தூளிப் பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள். ரீட்டா தினமும் மேல் டிவிசன் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க ஏறி இறங்குகிறாள். அவளோடு நடந்தால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்தாள், குடையைக்கூட மடக்காமல் என் தோளுக்கு மேலாகக் குனிந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, "ஏம்மா, அந்த ராசாவுக்குக் கிரீடம் எங்கதான் போயிருந்துச்சி? கடைசி வீட்டுச் சேதி என்னா?" என்று கேட்டாள். நான் ஈயத்தாளை எழுதியிருக்கிறேனே தவிர, கதையின் முடிவு எனக்கும் தெரியாது. அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. "அண்ணன்கிட்டதான் கேக்கணும்" என்றேன். "போன்ல கேட்டுடவா?" என்றாள். "வேணாம், நேருல வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான், வேறு யாரிடம் கற்றேன்?

உன் அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். முழங்கால் வலியாம், முன்பு மாதிரி நிற்க முடியாதாம், அதனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். "கதவு இப்ப ஒக்காந்துதான் இருக்கும்னு எழுது. ஆனா தொறக்கும்னும் எழுது" என்கிறார்.

உன் அம்மா